மஞ்சள் விளக்கும் தொப்பூர் இறக்கமும்: ஏபிஎஸ் எச்சரிக்கையின் கதை

(எபிசோடில் பேசியது, வாசிப்பதற்கு ஏற்றபடி சற்றே திருத்தப்பட்டுள்ளது.)

பெங்களூருல இருந்து சேலம் பக்கம் வர்ற பலருக்கு அதியமான்கோட்டை ஒரு ஊரா ஞாபகம் இருக்காது, ஒரு பச்சைப் பலகையாத்தான் ஞாபகம் இருக்கும். தர்மபுரியைத் தாண்டினதும் வர்ற இடம். கிருஷ்ணகிரி வழியா வர்ற தேசிய நெடுஞ்சாலை 44 இங்க வருது. ஓசூர்ல இருந்து ராயக்கோட்டை, பாலக்கோடு வழியா வர்ற 844-ம் இங்கதான் வந்து சேருது. தேய்பிறை அஷ்டமி அன்னைக்குப் போனீங்கன்னா காலபைரவர் கோயில் கூட்டத்துல வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. மத்த நாள்ல பெரும்பாலானவங்க வேகத்தைக் கூடக் குறைக்காம தாண்டிப் போயிடுவாங்க. ரெண்டு சாலையோட கனரக வாகனங்களும் ஒண்ணாச் சேர்ந்து தெற்கே போகுது. கொஞ்ச தூரத்துல தொப்பூர் கணவாய், அதாவது இறக்கம்.

இப்போ ஒரு கேள்வி. நீங்க கார் ஓட்டிட்டு வர்றீங்க. சரியா அதியமான்கோட்டைகிட்ட டேஷ்போர்டுல ஒரு மஞ்சள் விளக்கு எரியுது. வட்டத்துக்குள்ள ஏபிஎஸ்னு மூணு எழுத்து. வண்டி நல்லா ஓடுது, பிரேக்கும் பிடிக்குது. என்ன பண்ணுவீங்க?

பெரும்பாலானவங்க பண்றது ரெண்டுல ஒண்ணு. ஒண்ணு, பயந்து போய் பிரேக்கே போச்சுன்னு நினைச்சு நடுரோட்டுல தடுமாறுவாங்க. இல்லன்னா, "சென்சார் பிரச்சனையா இருக்கும், ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம்"னு அப்படியே இறக்கத்துல இறங்கிடுவாங்க. ரெண்டுமே தப்பு. ஏன் தப்புன்னு புரியணும்னா அந்த விளக்கு எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியணும். அது ஒரு நீண்ட கதை. அதுல விமானம் வருது, ஒரு ராயல் என்ஃபீல்டு வருது, அமெரிக்க நீதிமன்றம் வருது, சென்னை பாடி வருது.

முதல்ல இந்த இறக்கத்தைப் பத்திப் பேசிடலாம்.

கணவாய்

மேல தர்மபுரி, கிருஷ்ணகிரி அடங்கின பழைய பாராமகால். கீழ சேலம் சமவெளி. நடுவுல மலை. அந்த மலையில இருக்கிற வாசல்கள்ல ஒண்ணு தொப்பூர். வாசல் யார் கையில இருக்கோ அவங்க கையிலதான் நாடு இருக்கும். 1790 நவம்பர்ல, மூன்றாம் மைசூர்ப் போர் நடக்கும்போது, திப்பு சுல்தானோட படையும் ஜெனரல் மெடோஸோட ஆங்கிலேயப் படையும் இந்தக் கணவாயை நோக்கி நகர்ந்தாங்க. திப்பு கையில சிக்காம கணவாய் வழியாத் தெற்கே இறங்கி, திருச்சிப் பக்கம் போயிட்டார். 1792 உடன்படிக்கையில பாராமகால் கம்பெனி கைக்கு வந்துச்சு. தாமஸ் மன்றோ இளம் அதிகாரியா தர்மபுரியில வேலை பார்த்தது அதுக்கு அப்புறம்தான்.

அன்னைக்கு இறங்கினது பீரங்கி வண்டியும் மாட்டு வண்டியும். இன்னைக்கு இறங்குறது சிமென்ட்டும் இரும்பும் நெல்லும் ஏத்தின லாரிகள். ஸ்ரீநகர்ல ஆரம்பிச்சு கன்னியாகுமரி வரைக்கும் போற சாலை இது. வடக்கே இருந்து வர்ற டிரைவர் பல பேருக்கு இந்த இறக்கம் புதுசு. சாலை நல்லா அகலமா, வழுவழுன்னு இருக்கும். அதனாலேயே இது இறக்கம்னு உடம்புக்குத் தெரியாது.

2020 டிசம்பர் 12ஆம் தேதி, சிமென்ட் ஏத்திட்டு வந்த ஒரு லாரி, முன்னாடி நடந்த ஒரு விபத்தால நின்னுக்கிட்டு இருந்த வாகனங்கள் மேல மோதிச்சு. பத்துக்கும் மேல வாகனங்கள் நொறுங்கிப் போச்சு. நாலு பேர் இறந்தாங்க. 2024 ஜனவரி 24ஆம் தேதி, தொப்பூர் பாலத்து மேல இன்னொரு தொடர் விபத்து. லாரிகளுக்கு நடுவுல கார் சிக்குது, தீப்பிடிக்குது. அந்தக் கேமரா காட்சியை உங்கள்ல பல பேர் போன்ல பார்த்திருப்பீங்க. அதுலயும் நாலு பேர் இறந்தாங்க. இந்த ரெண்டு விபத்துக்கும் இதுதான் காரணம்னு நான் இங்க தீர்ப்பு சொல்ல வரல. ஆனா இந்த இறக்கத்துல ஒவ்வொரு விபத்துக்கு அப்புறமும் வர்ற வார்த்தை ஒண்ணே ஒண்ணுதான்: "பிரேக் பிடிக்கல."

பிரேக் பிடிக்கலைன்னா என்ன அர்த்தம்? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சரக்கோட சேர்த்து 40 டன் இருக்கிற ஒரு லாரி 100 மீட்டர் உயரம் கீழ இறங்குதுன்னு வெச்சுக்கோங்க. அந்த இறக்கத்துல வெளிவர்ற சக்தி கிட்டத்தட்ட 11 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். வீட்டுல இருக்கிற ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டியைப் 11 மணி நேரம் ஓட விட்டா வர்ற சூடு. அந்த மொத்தச் சூடும் சில நிமிஷத்துல எங்கயாவது போயாகணும். லோ கியர்ல இறங்கினா இன்ஜின் ஒரு பங்கைத் தாங்கிக்கும், எக்ஸாஸ்ட் பிரேக் ஒரு பங்கைத் தாங்கிக்கும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரல்ல விட்டா மொத்தமும் பிரேக் டிரம்முக்குத்தான் போகும். டிரம் பழுக்கும், லைனிங் பிடிமானத்தை இழக்கும். டிரைவர் அழுத்திக்கிட்டே இருப்பார், வண்டி போய்க்கிட்டே இருக்கும்.

இதை நல்லா ஞாபகம் வெச்சுக்கோங்க. சூட்டுல பிரேக் சோர்ந்து போறதுக்கும் ஏபிஎஸ்ஸுக்கும் நேரடி சம்பந்தம் கிடையாது. ஏபிஎஸ் நல்லா இருக்கிற வண்டியும் நியூட்ரல்ல இறங்கினா பிரேக் சோர்ந்து போகும். ஏபிஎஸ் தீர்க்க வந்தது இதுக்கு நேர் எதிரான பிரச்சனையை. அதாவது, பிரேக் ரொம்ப நல்லாப் பிடிக்கிற பிரச்சனை.

பிடிச்ச பிடியை விடுற வித்தை

சக்கரம் உருண்டுக்கிட்டு இருக்கிற வரைக்கும்தான் அதுக்குத் திசை உண்டு. முழுசா அழுத்தி சக்கரம் லாக் ஆயிடுச்சுன்னா டயர் உருளாது, வழுக்கும். வழுக்குற டயருக்கு ஸ்டியரிங் சொல்றது கேட்காது. நீங்க இடது பக்கம் திருப்புவீங்க, வண்டி நேரா அந்த லாரியோட பின்பக்கத்துக்கே போகும். மழை நாள்ல, நெல் காயப்போட்ட ரோட்டுல, டீசல் சிந்தின வளைவுல இது இன்னும் மோசம்.

இந்தப் பிரச்சனையோட முதல்ல மல்லுக்கட்டினது விமானக்காரங்க. ஓடுபாதையில இறங்கும்போது சக்கரம் லாக் ஆனா டயர் தேய்ஞ்சு வெடிச்சிடும். பிரான்ஸ்ல காப்ரியேல் வாய்சன் 1920கள்லயே இதுக்கு ஒரு கருவி பண்ணிப் பார்த்தார். 1950கள்ல பிரிட்டன்ல டன்லப் நிறுவனம் மேக்ஸரெட்னு ஒரு கருவி கொண்டு வந்துச்சு. எலக்ட்ரானிக்ஸ் எதுவும் கிடையாது, முழுக்க இயந்திரம். சக்கரம் திடீர்னு நிக்கப் போகுதுன்னு அதுவே உணர்ந்து பிரேக் அழுத்தத்தைக் கொஞ்சம் விடும், உடனே மறுபடி பிடிக்கும்.

அதை ரோட்டுக்குக் கொண்டு வர முடியுமான்னு பிரிட்டிஷ் சாலை ஆராய்ச்சி நிலையம் 1958ல சோதனை பண்ணிச்சு. எந்த வண்டியில தெரியுமா? ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியர். நம்ம ஊர்ல இன்னைக்கு அதே பேர்ல ஒரு பைக் ஓடுது, ஆனா இது அந்தக் காலத்து இங்கிலாந்து வண்டி. ஈரமான ரோட்டுல நல்ல பலன் கிடைச்சுது. ஆனா அந்த நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டு வரல. 1966ல ஜென்சன் எஃப்எஃப்னு ஒரு விலை உயர்ந்த பிரிட்டிஷ் காருல மேக்ஸரெட் வந்துச்சு. சில நூறு கார்தான் செஞ்சாங்க.

அடுத்து எலக்ட்ரானிக்ஸ் வந்துச்சு. இங்க ரெண்டு நாட்டோட கதையைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்கணும்.

முதல் கதை ஜெர்மனி. 1970 டிசம்பர்ல டைம்லர் பென்ஸ், டெல்டிக்ஸ் நிறுவனத்தோட சேர்ந்து செஞ்ச ஏபிஎஸ்ஸை எல்லாருக்கும் ஓட்டிக் காட்டிட்டாங்க. ஏபிஎஸ்ங்கிறதே ஜெர்மன் பேரோட சுருக்கம்தான்: ஆன்டிப்ளாக்கியர்சிஸ்டேம். ஓட்டிக் காட்டினாங்களே தவிர விக்கல. ஏன்னா அதோட மூளையில ஏறக்குறைய ஆயிரம் பாகங்கள். குலுங்குற காருக்குள்ள, சூட்டுலயும் குளிர்லயும், வருஷக்கணக்கா அத்தனையும் உழைக்கும்னு அவங்களாலயே நம்ப முடியல. எட்டு வருஷம் காத்திருந்தாங்க. டிஜிட்டல் சில்லு வந்து, பாஷ் நிறுவனம் அந்த ஆயிரத்தை 140 பாகமாக் குறைச்ச பிறகு, 1978 ஆகஸ்ட்ல பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு அறிவிச்சாங்க. அந்த வருஷக் கடைசியில மெர்சிடிஸ் எஸ் கிளாஸ்ல, கூடுதல் காசு கொடுத்தா கிடைக்கும்னு வந்துச்சு.

ரெண்டாவது கதை அமெரிக்கா. அவங்க காத்திருக்கல. லாரிகள் பிரேக் அடிக்கும்போது லாக் ஆகி, பின்னாடி இருக்கிற டிரெய்லர் மடங்கி ரோட்டுக்குக் குறுக்கே விழுறது அங்க பெரிய பிரச்சனை. அதனால 1975ல, ஏர் பிரேக் வண்டிகளுக்கான 121ஆம் எண் பாதுகாப்பு விதி அமலுக்கு வந்துச்சு. அந்த விதியை நிறைவேத்தணும்னா லாரியில ஆன்டி லாக் இருந்தாகணும். நோக்கத்துல குத்தமே கிடையாது. ஆனா கருவி தயாராகல. ரோட்டுல பழுது மேல பழுது. டிரைவர் பிரேக்கை அழுத்தும்போது கருவி அதை விட்டுடுதுங்கிற அளவுக்குப் புகார் வந்துச்சு. லாரி தயாரிப்பாளர்கள் வழக்குப் போட்டாங்க. பேக்கார் வழக்குன்னு அதுக்குப் பேர். 1978ல மேல்முறையீட்டு நீதிமன்றம், இந்த விதி நடைமுறைக்கு ஒத்து வரலைன்னு சொல்லி அந்தப் பகுதியை நிறுத்தி வெச்சிடுச்சு. அதுக்கு அப்புறம் பல லாரிகள்ல அந்தக் கருவியோட இணைப்பையே கழட்டிப் போட்டுட்டாங்க.

ஒரே வருஷம், 1978. ஒரு நாட்டுல ஏபிஎஸ் பிறக்குது, இன்னொரு நாட்டுல ஏபிஎஸ் சட்டம் சாகுது.

அமெரிக்கச் சட்டம் மறுபடி உயிரோட வர்றதுக்கு 1995 ஆச்சு. இந்தத் தடவை அதுல ஒரு புது நிபந்தனை சேர்ந்திருந்துச்சு. கருவி இருந்தா மட்டும் போதாது, கருவி கெட்டுப் போச்சுன்னா அதுவே சொல்லணும். டிரைவர் கண்ணு முன்னாடி கேபின்ல ஒரு விளக்கு. டிரெய்லருக்கு வெளியே இடது பக்கத்துல, கண்ணாடியில தெரியுற மாதிரி மஞ்சள்ல இன்னொரு விளக்கு. டிராக்டர் லாரிகளுக்கு 1997 மார்ச், டிரெய்லருக்கு 1998 மார்ச்னு தேதி குறிச்சாங்க.

நீங்க டேஷ்போர்டுல பார்க்கிற விளக்குக்கும் அதே தர்க்கம்தான். இந்தக் கருவியை மனுஷன் நம்புறதுக்கு ஒத்துக்கிட்டதே ரெண்டு உறுதிமொழியை வெச்சுத்தான். ஒண்ணு: எனக்குள்ள ஏதாவது சந்தேகம் வந்தா நான் ஒதுங்கிடுவேன், உன் சாதாரண பிரேக்ல கை வைக்க மாட்டேன். ரெண்டு: ஒதுங்கினதும் உன்கிட்ட சொல்லிடுவேன். அந்தச் சொல்லுதான் மஞ்சள் விளக்கு. "பிரேக் போச்சு"ன்னு அது சொல்லல. "நான் இன்னைக்கு லீவு, நீ பார்த்து ஓட்டு"ன்னு சொல்லுது.

பாடியும் ஓசூரும்

நம்ம ஊருக்கு வருவோம். தமிழ்நாட்டுக்கும் பிரேக்குக்கும் இருக்கிற உறவு பழசு. 1962ல சென்னை பாடியில டிவிஎஸ் குழுமம் சுந்தரம் கிளேட்டனைத் தொடங்கினாங்க. லாரி, பஸ்ஸுக்கு ஏர் பிரேக் செய்றதுக்காக, பிரிட்டனோட கிளேட்டன் டிவாண்டரே கூட்டுல ஆரம்பிச்ச கம்பெனி. அதே வருஷம் அதே பாடியில பிரேக்ஸ் இந்தியா. 1998ல சுந்தரம் கிளேட்டனோட பிரேக் பிரிவு ஜப்பானோட டெமிங் விருது வாங்கிச்சு. தரத்துக்கான அந்த விருதை வாங்கின முதல் இந்திய நிறுவனம் அதுதான். அந்தப் பிரேக் பிரிவு பிறகு வாப்கோ ஆகி, இப்போ ஜெர்மனியோட இசட்எஃப் குழுமத்துல இருக்கு. ஓசூர்ல அசோக் லேலண்ட் ஆலை, டிவிஎஸ் மோட்டார் ஆலை. 2011ல டிவிஎஸ் அப்பாச்சி ஆர்டிஆர் 180ல ஏபிஎஸ் வந்துச்சு. இந்திய நிறுவனம் ஒண்ணு ஏபிஎஸ்ஸோட விற்பனைக்குக் கொண்டு வந்த முதல் பைக் அது.

சட்டம் வர்றதுக்குக் கொஞ்சம் நேரமாச்சு. கனரக லாரி, பஸ்ஸுக்கு 2015ல கட்டாயம் ஆச்சு. காருக்கும், 125 சிசிக்கு மேல இருக்கிற பைக்குக்கும், புது மாடலுக்கு 2018 ஏப்ரல், ஏற்கெனவே விற்பனையில இருந்த மாடலுக்கு 2019 ஏப்ரல். அதாவது உங்க அப்பாவோட பழைய கார்ல அந்த விளக்கே இல்லாம இருக்கலாம். உங்க முதல் செகண்ட் ஹேண்ட் கார்ல இருக்க வாய்ப்பு அதிகம்.

ஆக, கருவி வந்தாச்சு, சட்டமும் வந்தாச்சு. மிச்சம் இருக்கிறது ஒண்ணுதான். விளக்கு எரிஞ்ச பிறகு யாராவது அதைப் பார்க்கணும்.

எனக்கு இங்க அதியமான் ஞாபகம் வர்றார். தகடூர் அரசன். ஊர் பேரே அவர் பேர்தானே. நெல்லிக்கனிக் கதையைப் பள்ளிக்கூடத்துலயே எல்லாரும் படிச்சாச்சு. அவ்வையாரைத் தொண்டைமான்கிட்ட தூது அனுப்பின கதை அவ்வளவா பேசப்படுறதில்ல. புறநானூறுல 95ஆம் பாட்டு. தொண்டைமான் தன்னோட ஆயுதசாலையைக் காட்டுறார். எல்லாம் நெய் பூசி, மயில் தோகை வெச்சு, பளபளன்னு இருக்கு. அவ்வை அதைப் பாராட்டுற மாதிரியே சொல்ற சேதி, எங்க அரசனோட ஆயுதமெல்லாம் முனை உடைஞ்சு கொல்லன் பட்டறையில கிடக்குங்கிறது. பொதுவா இதை வீரத்தைப் பத்தின பாட்டாத்தான் படிப்போம். எனக்கு அதுல இன்னொண்ணும் தெரியுது. உழைக்கிற கருவி பழுதாகும், பழுதான கருவி பட்டறைக்குப் போகும். அதை வெட்கமா நினைக்காத ஊர் இது.

இன்னைக்கு அதே ஊரைத் தாண்டிப் போற வண்டிகள்ல நடக்கிறது வேற. லாரியில விளக்கு எரியுது. டிரைவர் ஓனர்கிட்ட சொல்றார். "எஃப்சிக்கு விடும்போது பார்த்துக்கலாம், லோடை இறக்கிட்டு வா"ன்னு பதில் வருது. சென்சாரை மாத்தினா ஒரு நாள் வாடகை போகும்ங்கிறது கணக்கு. எல்லா ஓனரும் அப்படி இல்ல. ஆனா அந்தக் கணக்கைப் போடுறவர் இறக்கத்துல இறங்கப் போறதில்ல, இறங்குறவர் கையில அந்த முடிவு இல்ல. விபத்து நடந்ததும் கைதாகுறது டிரைவர்தான். தொப்பூர்ல வளைவையும் சரிவையும் குறைக்கிற உயர்மட்டச் சாலைத் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைச்சிருக்கு. அது வேணும், கண்டிப்பா வேணும். ஆனா புதுச் சாலை வந்தாலும் கெட்டுப்போன சென்சாரோட வர்ற லாரி, கெட்டுப்போன சென்சாரோடதான் அதுல ஏறும்.

கார் வெச்சிருக்கிற நமக்கு அந்தச் சாக்கும் கிடையாது. ஓனரும் நாமதான், டிரைவரும் நாமதான்.

சரி, விளக்கு எரியுது. என்ன பண்றது?

முதல்ல நிறத்தைப் பாருங்க. மஞ்சள்ல ஏபிஎஸ் மட்டும் எரிஞ்சா, சாதாரண பிரேக் வேலை செய்யும். பதறாதீங்க, சடார்னு பிரேக் அடிக்காதீங்க. சிவப்புல பிரேக் விளக்கும் சேர்ந்து எரிஞ்சா கதை வேற. ஹேண்ட் பிரேக் இழுத்தபடி இருக்கான்னு ஒரு பார்வை பாருங்க. அது இல்லைன்னா பிரேக் ஆயில் குறைஞ்சிருக்கலாம், இல்ல முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பிரேக்கைப் பிரிச்சுக் கொடுக்கிற அமைப்பும் செயலிழந்திருக்கலாம். அப்போ ஓரமா நிறுத்துங்க, மேல ஓட்டாதீங்க. மீட்பு வண்டியைக் கூப்பிடுங்க. பெடல் பஞ்சு மாதிரி உள்ள போனாலும் இதேதான்.

மஞ்சள் மட்டும்தான்னா, பாதுகாப்பான இடத்துல ஓரம் கட்டி, வண்டியை ஆஃப் பண்ணி, மறுபடி சாவியைப் போடுங்க. சாவி போட்டதும் அந்த விளக்கு சில வினாடி எரிஞ்சு அணையணும். அது கருவி தன்னைத் தானே சோதிச்சுக்கிற நேரம். அணைஞ்சு, அப்படியே அணைஞ்சே இருந்தா தற்காலிகக் கோளாறா இருக்கலாம். ஆனாலும் ஒரு தடவை வந்தது மறுபடி வரும், கடையில காட்டிடுங்க. பைக்ல கொஞ்சம் வித்தியாசம். பல மாடல்கள்ல வண்டி நகர ஆரம்பிச்ச பிறகுதான் விளக்கு அணையும். நகர்ந்த பிறகும் எரிஞ்சா அதுதான் கோளாறு.

அடுத்து பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்க. மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவுல இருக்கணும். குறைஞ்சிருந்தா ஊத்தி நிரப்பிட்டு மறந்துடக் கூடாது. ஆயில் ஆவியாகிப் போகாது. ஒண்ணு பிரேக் பேட் தேய்ஞ்சிருக்கு, இல்லைன்னா எங்கயோ கசியுது. அது மெக்கானிக் பார்க்க வேண்டிய விஷயம்.

எல்லாம் சரியா இருந்து மஞ்சள் மட்டும் எரிஞ்சுக்கிட்டே இருந்தா, ஓட்டிட்டுப் போகலாம். ஆனா ஏபிஎஸ் இல்லாத காலத்து டிரைவரா மாறி ஓட்டணும். வேகத்தைக் குறைங்க. முன்னாடி வண்டிக்கு நடுவுல வழக்கமா விடுறதைப் போல ரெண்டு மடங்கு இடைவெளி விடுங்க. பிரேக்கை முன்கூட்டியே, மெதுவா அழுத்துங்க. அவசரத்துல சக்கரம் லாக் ஆகி வழுக்க ஆரம்பிச்சா, பெடலைக் கொஞ்சம் விட்டு மறுபடி அழுத்துங்க. ஏபிஎஸ் வேலை செய்யும்போது இதைச் செய்யவே கூடாது. அப்போ பெடலை உறுதியா அழுத்திப் பிடிச்சுக்கணும், அது கால்ல தடதடன்னு அதிரும், அதிரட்டும்.

இறக்கம் வரப்போகுதுன்னா, இறங்குறதுக்கு முன்னாடியே கியரைக் குறைச்சிடுங்க. நியூட்ரல் வேண்டவே வேண்டாம். மழை பெய்யுதுன்னா, ராத்திரின்னா, வண்டி நிறைய ஆள் இருக்காங்கன்னா, இறங்காம அதியமான்கோட்டையில இருந்து தர்மபுரிக்குத் திரும்பிப் போய் மெக்கானிக்கைப் பாருங்க. பக்கத்துலயே பெரிய ஊர் இருக்கு. கணவாய்க்கு நடுவுல மெக்கானிக் கிடையாது. முன்னாடியும் பின்னாடியும் உங்களைவிடப் பத்து மடங்கு கனமான வண்டிதான் இருக்கும்.

கடையில என்ன பண்ணுவாங்க? ஸ்கேனர் போட்டுக் கோடு எடுப்பாங்க. எந்தச் சக்கரத்துல பிரச்சனைன்னு அது காட்டிடும். பெரும்பாலும் காரணம் சின்னதா இருக்கும். ஒவ்வொரு சக்கரத்துலயும் அதோட வேகத்தைப் படிக்கிற ஒரு சென்சார் இருக்கு. அதுல சேறு அப்பியிருக்கும், பேரிங் ஆடும், பல் வளையம் துருப்பிடிச்சிருக்கும், எலி ஒயரைக் கடிச்சிருக்கும், இல்ல பிரேக் பேட் மாத்தினப்போ ஒயரைச் சரியா மாட்டாம விட்டிருப்பாங்க. பேட்டரி பலவீனமா இருந்தாலும் விளக்கு எரியும். அளவு மாறின டயர் போட்டிருந்தாலும் எரியும். அதனால கோடு எடுக்காம, "ஏபிஎஸ் மாட்யூலையே மாத்தணும்"னு யாராவது சொன்னா, முதல்ல சென்சாரையும் ஒயரையும் சோதிச்சுக் காட்டச் சொல்லுங்க. மாட்யூல்தான் இருக்கிறதுலயே விலை அதிகமான பாகம்.

கடைசியா ஒண்ணு. செகண்ட் ஹேண்ட் கார் வாங்கப் போறவங்க நல்லாக் கேளுங்க. விளக்கு எரியுறதை நிறுத்த ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு கோளாறைச் சரி பண்றது. இன்னொண்ணு விளக்கையே எரியவிடாம பண்றது. ரெண்டாவது ரொம்ப மலிவு. அதனால கார் பார்க்கப் போகும்போது இன்ஜினை ஸ்டார்ட் பண்ண அவசரப்படாதீங்க. சாவியை மட்டும் ஆன் பண்ணிட்டு டேஷ்போர்டைப் பாருங்க. ஏபிஎஸ் விளக்கு எரிஞ்சு அணையணும். எரியவே இல்லைன்னா அந்த வண்டி நல்ல வண்டி இல்ல, பேசத் தெரிஞ்ச வாயை யாரோ கட்டி வெச்சிருக்காங்க. விலை பேசாம வந்துடுங்க.

1970ல ஓட்டிக் காட்டின கருவியை, உழைக்கும்னு நம்பிக்கை வர்ற வரைக்கும் எட்டு வருஷம் விக்காம வெச்சிருந்தாங்க. நாடு முழுக்கச் சட்டம் போட்டு, தோத்து, 17 வருஷம் கழிச்சு ஒரு விளக்கைச் சேர்த்துத் திரும்பி வந்தாங்க. அவ்வளவு பேர் அவ்வளவு காலம் உழைச்சு உங்க முன்னாடி வெச்ச சேதி அது. படிக்கிறதுக்கு ரெண்டு வினாடி போதும். வீட்டுல யாராவது இந்த வாரம் சேலம் பக்கம் கார்ல கிளம்புறாங்கன்னா, சாவி போட்டதும் அந்த விளக்கு எரிஞ்சு அணையுதான்னு பார்க்கச் சொல்லுங்க.